சிமெண்ட் அக்காவின் கட்டைவிரல்

முன்பின் தெரியாத ஒருவரின் கையை ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்னென்னவோ பேசுவார்கள். டாக்டர் நாடி பார்ப்பதுகூட ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நகத்துக்கு ஜெல் பாலிஷ் போடுகிறவளுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. காசையும் கொடுத்து, கையையும் கொடுத்து, "ஆடுதுக்கா, நல்லா பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டும் உட்காருவார்கள்.

மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்த அழகு நிலையத்தில், அந்த உரிமையோடு பல வருடங்களாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு சிமெண்ட் அக்கா என்று பெயர். அவள் போட்ட ஜெல் உதிராது, ஓரம் தூக்காது. நகம் வளர்ந்து அடியில் வெள்ளை தெரிகிறதே என்றுதான் திரும்ப வருவார்களே தவிர, பெயர்ந்துவிட்டது என்று யாரும் வந்ததில்லை. பெயரை வைத்த மகராசி நல்ல எண்ணத்தில்தான் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் ஐம்பதைத் தொட்ட பெண்ணைப் பார்த்து சிமெண்ட் என்றால் கோபம் வராதா? வந்தது. அப்புறம் "இங்க சிமெண்ட் அக்கா யாரு?" என்று விசாரித்துக்கொண்டே புதுப்புது ஆட்கள் படியேறி வரத் தொடங்கியதும், கோபம் இருந்த இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படி என்ன மாயம் செய்கிறாள் என்று கேட்டால் மாயமும் இல்லை, மண்ணும் இல்லை. நகம் முளைக்கும் அடிப்பக்கத்தில், நகத்தின் மேலேயே, தோல் கண்ணுக்குத் தெரியாமல் மெல்லிசாகப் படர்ந்திருக்கும். அதை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் ஜெல் போட்டால், ஜெல் நகத்தில் ஒட்டாது, அந்தத் தோலில் ஒட்டும். தோல் உரியும்போது கூடவே கிளம்பி வந்துவிடும். அதை எடுத்த பிறகு நகத்தின் பளபளப்பு போக லேசாகத் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும், துடைத்த பிறகு வாடிக்கையாளர் தலையைக் கோதிக்கொண்டால் திரும்பவும் துடைக்க வேண்டும். மெல்லிசாகப் பூச வேண்டும். நகத்தின் நுனி விளிம்பையும் ஜெல்லால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். செய்வதற்குத்தான் பொறுமை கிடையாது. அக்காவிடம் பொறுமை கொட்டிக் கிடந்தது, ஏனென்றால் அவளுக்கு அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் கிடையாது.

வேலை முடிந்ததும் ஒரு புத்திமதியும் உண்டு. "நகத்தை விருந்தாளி மாதிரி வச்சுக்குங்க. டப்பா தெறக்கறது, ஸ்டிக்கர் பிய்க்கறதுன்னு வேலை வாங்காதீங்க. பாத்திரம் தேய்க்கும்போது கையுறை போட்டுக்குங்க." கையுறை போடச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், தான் மட்டும் வெறுங்கையோடு வேலை செய்தாள். வினை அங்கேதான் இருந்தது.

தானாகக் காயாத ஜெல்லை ஊதா விளக்கின் ஒளியில் வைத்து இறுக வைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு காரியம் உண்டு. நகத்தைச் சுற்றியிருக்கும் சதையில் ஜெல் ஒரு மயிரிழை அளவுகூட வழிந்திருக்கக் கூடாது. வழிந்தால் அந்த இடத்தில்தான் முதலில் தூக்கும். மற்றவர்கள் இதற்குக் குச்சி வைத்துக்கொள்வார்கள். அக்கா தன் இடது கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு நகத்தின் ஓரத்தையும் ஒரு இழுப்பு இழுப்பாள். கண்ணுக்குத் தெரியாத வழிசலும் விரலுக்குத் தெரிந்துவிடும். துடைத்து, விரலைப் பஞ்சில் ஒற்றிக்கொண்டு அடுத்த நகத்துக்குப் போவாள். ஒரு நாளைக்கு எத்தனை கைகள், கைக்கு ஐந்து விரல்கள், வருடக்கணக்காக. இறுகாத ஜெல் தோலுக்கு ஆகாது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. டப்பாவில் போட்டிருப்பதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

அவள் குடியிருந்தது ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவர். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று. வேறு ஊரில் இருந்த தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் போன் செய்வான். "சாப்ட்டியா?" என்பான். "சாப்ட்டேன், நீ?" என்பாள். "ம்." பிறகு இரண்டு பேரும் மற்றவர் ஏதாவது பேசட்டும் என்று காத்திருப்பார்கள். "சரி, வைக்கட்டுமா?" என்று அவனே முடித்து வைப்பான். பாசம் இல்லாமல் இல்லை. பேச்சுத்தான் இல்லை.

உண்மையைச் சொன்னால், அழகு நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் அக்காவை எந்த மனிதக் கையும் தொடவில்லை. இதை அவள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுகூட ரொம்பப் பிற்பாடுதான்.

வந்துபோகிறவர்களில் பஸ் ஓட்டும் ஒரு அம்மாள் இருந்தாள். ஏறக்குறைய அக்கா வயதுதான். அகலமான உள்ளங்கை, ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல் முட்டிகள். அந்தக் கைக்குச் சிவப்பு ஜெல் பாலிஷ் எதற்கு என்று மற்ற பெண்கள் கண்ணால் பேசிக்கொண்டார்கள். அவளே ஒருநாள் சொன்னாள். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என் கண்ணு முன்னாடி இருக்கறது ரோடும் இந்தப் பத்து விரலும்தான்கா. ரோட்டை நான் மாத்த முடியாது. சாதா பாலிஷ் போட்டா மறுநாளே ஸ்டீயரிங்ல உரசிப் பேந்துடுது. நீங்க போடறது நிக்குது."

அதற்குமேல் அவள் அதிகம் பேசியதில்லை. முதல் கோட்டு இறுகுவதற்குள் தலை சாய்ந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தன் விடுமுறை நாளில் வந்து, இரண்டு கைகளையும் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள். லேசாகக் குறட்டையும் வரும். மற்ற நாட்களில் விடிந்தது முதல் பஸ் நிறைய ஜனங்களின் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை அது. அக்காவின் கைக்குள் வந்ததும் எலும்பே இல்லாததுபோல் தளர்ந்துவிடும். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் என்றால் இவளுக்கு மட்டும் கொஞ்சம் கூடவே ஆகும். வேலை முடிந்த பிறகும் எண்ணெய் தடவுகிறேன் என்ற சாக்கில் அக்கா அந்தக் கைகளை வைத்துக்கொண்டிருப்பாள். எழுப்ப மனசு வராது. எழுந்ததும் அந்த அம்மாள் தன் விரல்களை விரித்துப் பார்த்து, "தூங்கிட்டேனா?" என்று கேட்பாள், ஏதோ இன்றைக்குத்தான் புதிதாகத் தூங்கியதுபோல.

விரல் நுனியில் அரிப்பு தொடங்கியபோது, பாத்திரம் தேய்க்கும் சோப்புதான் காரணம் என்று அக்கா முடிவு கட்டினாள். சோப்பை மாற்றினாள். அரிப்பு போகவில்லை. கட்டைவிரல் நுனி வறண்டு, வெடித்து, தோல் உரியத் தொடங்கியது. களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு படுத்தாள். களிம்பின் பசை காலையிலும் விரலில் இருந்தது போலிருக்கிறது. அந்த வாரம் வரலாற்றில் முதல் முறையாக ஒரு பெண் படியேறி வந்து கையை நீட்டினாள். "அக்கா, ரெண்டு நகம் தூக்கிடுச்சு." அக்கா களிம்பைத் தூக்கி எறிந்தாள். விரல் எரிந்தால் எரியட்டும், வேலை கெட்டால் என்ன மிச்சம்?

கீழே மருந்துக்கடையில் மெல்லிய கையுறை வாங்கி மாட்டிப் பார்த்தாள். அந்தக் கையுறை ஜெல்லைத் தடுக்காது, சில நிமிடங்களில் உள்ளே விட்டுவிடும் என்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவளுக்கும் தெரியாது. விரல்கள் கையுறைக்குள்ளேயே வெந்தன. ஒருநாள் கண்ணைக் கசக்கித் தொலைத்தாள். மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தபோது இமைகள் இரண்டும் பணியாரமாய் வீங்கியிருந்தன. கடை நடத்தும் முதலாளியம்மாள் பயந்துபோய்த் தோல் டாக்டரிடம் அனுப்பிவைத்தாள்.

டாக்டர் சோதனை செய்ய வேண்டும் என்றார். எது எது ஆகாது என்று கண்டுபிடிக்க, முதுகில் சின்னச் சின்ன மருந்துப் பட்டைகளை வரிசையாக ஒட்ட வேண்டுமாம். ஒட்டுவதற்கு ஒரு நர்ஸ் வந்தாள். முதலில் முதுகைத் துடைத்தாள். பிறகு ஒவ்வொரு பட்டையாக வைத்து, உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினாள்.

"கூசுதாம்மா?"

"இல்ல."

"அப்ப ஏன் நடுங்கறீங்க? குளுருதா?"

அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீங்கின கண்ணாக இருந்ததால் நல்லவேளையாக யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் நாலு பட்டை ஒட்டினால் நன்றாக இருக்குமே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததை நினைத்து அன்று முழுவதும் வெட்கப்பட்டாள்.

முடிவைப் பார்த்து டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "ஜெல்தான். இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டிருந்த உடம்பு, இனிமே பொறுத்துக்காது. புண்ணெல்லாம் ஆறிடும். ஆனா ஒரு சொட்டு பட்டாலும் மறுபடி கிளம்பும். இது போகாதும்மா."

"நகத்தையே தொடக் கூடாதா டாக்டர்?"

"நகம் என்ன பண்ணும்? விளக்குல வச்சு முழுசா இறுகினதுக்கு அப்புறம் தொடலாம், ஒண்ணும் செய்யாது. ஈரமா இருக்கறதுதான் விஷம். வேலையைத் தொடர்ந்தே ஆகணும்னா தடிச்ச கையுறை இருக்கு, எழுதித் தர்றேன். அடிக்கடி மாத்தணும். என்னைக் கேட்டா வேற வேலை பாருங்கன்னுதான் சொல்லுவேன்."

அவரைக் கேட்டால் அவர் சொல்லத்தான் செய்வார். வேறு வேலை என்றால் வேறு என்ன வேலை? ஜெல் வந்த பிறகு அந்தக் கடையில் சாதா பாலிஷ் போட்டுக்கொள்ள ஒருத்தியும் வருவதில்லை. அக்கா தடித்த நீலக் கையுறைகளை வாங்கிக்கொண்டு திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கை போகட்டும், கண் போகட்டும், நாற்காலி போகக் கூடாது. அந்த நாற்காலியை விட்டால் கைகளை யார் அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

கையுறை போட்ட கட்டைவிரல் குருடாகிவிட்டது. நகத்தின் ஓரம் எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. குச்சியால் துடைத்தாள், கண்ணாடி போட்டுக்கொண்டு துடைத்தாள். ஒன்றும் சரிப்படவில்லை. பத்து நாள் போவதற்குள் ஒவ்வொருத்தியாகத் திரும்ப வந்தார்கள். ஒரு வாயாடிப் பெண் கையை மேஜைமேல் வைத்து, "என்னக்கா, சிமெண்டுல மணல் கூடிப்போச்சா?" என்று கேட்டாள். கடையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

கோபித்துக்கொண்டவர்களைக்கூடத் தாங்கிக்கொண்டாள். பஸ் ஓட்டும் அம்மாள் வந்தபோதுதான் தாங்க முடியவில்லை. களிம்பு தடவிய நாட்களில் போட்டது அது, வலது கையில் இரண்டு நகங்கள் அடி ஓரம் தூக்கியிருந்தன. அவள் அந்த விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். அக்கா விரலைப் பிரித்துப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னாள். "அது ஸ்டீயரிங்ல இடிச்சுக்கிட்டேன்கா. உங்க தப்பு இல்ல."

இடித்தால் நுனிதான் உடையும், அடி தூக்காது. அந்த அம்மாளுக்கு அது தெரியாது. தெரியாமல் சொன்ன பொய், தனக்காகச் சொன்ன பொய் என்பது அக்காவுக்குத் தெரிந்தது.

"கையில என்ன, நீலமா?" என்றாள் அந்த அம்மாள்.

"டாக்டர் போடச் சொன்னார்."

"ஓ." கொஞ்ச நேரம் கையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிப் பார்த்தாள். தூக்கம் வரவில்லை. நெளிந்தாள். "ரப்பர் ஒரு மாதிரி இருக்குக்கா. ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். முதலாளியம்மாள் உள்ளே யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அக்கா இரண்டு கையுறைகளையும் கழற்றிக் காலடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். வெறுங்கையால் அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள். ஆறிவந்த விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் குறட்டை வந்தது.

அன்று அவள் செய்த வேலையை அவளே மெச்சிக்கொண்டாள். பழைய ஜெல்லை அடியோடு எடுத்து, தோலைச் சுரண்டி, துடைத்து, பூசி, பத்து நகங்களின் ஓரத்தையும் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தாள். விஷம் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கேட்டால் என்ன? பத்து விரலும் வார்த்து எடுத்ததுபோல் நின்றன. எண்ணெய் தடவுகிற சாக்கில் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கண் திறக்கவில்லை. நிஜமாகவே திறக்கவில்லை. கழுத்து வரைக்கும் தடித்துப்போயிருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு போய்ப் போனை எடுத்து, எண்ணைக் குத்துமதிப்பாக அழுத்தி முதலாளியம்மாளைக் கூப்பிட்டாள். முதலாளியம்மாள் வந்து பார்த்துவிட்டு முதலில் தலையில் அடித்துக்கொண்டாள், அப்புறம் ஊசி போட அழைத்துப் போனாள், அப்புறம் திட்டினாள்.

"குப்பைக் கூடையில கையுறையைப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம்தான். உனக்கு என்ன தலையெழுத்தா? கண்ணு போயிடுச்சுன்னா யாரு பாப்பா உன்னை?"

கேள்வி நியாயமான கேள்விதான்.

"இனிமே நீ அந்த நாற்காலியில உக்காரக் கூடாது. முன்னாடி மேஜையில இரு. போன் எடு, நேரம் குறிச்சுக் குடு, வர்றவங்களை உக்கார வை. சம்பளத்துல கை வைக்க மாட்டேன். நல்லா கேட்டுக்கோ, ஜெல் டப்பா பக்கம் போனே, நானே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

நல்ல மனுஷி. இப்படிச் சொல்ல எத்தனை முதலாளிக்கு மனசு வரும்? ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் சொன்னபோது அவனுக்கும் சந்தோஷம். "உக்காந்த இடத்துல வேலை. நல்லதுதானே?" என்றான்.

"முன்னாடியும் உக்காந்துதான்டா செஞ்சேன்."

"ம். சரி, வைக்கட்டுமா?"

முன் மேஜையில் உட்கார்ந்தவளுக்கு எல்லாரும் வணக்கம் சொன்னார்கள், சிரித்தார்கள், உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார்கள். பணத்தை மேஜையில் இருந்த தட்டில் வைத்தார்கள், மீதியைத் தட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். விரல்கள் ஆறி, புதுத் தோல் வந்து, குழந்தை விரல்போல் ஆயின. அவற்றுக்குச் செய்ய வேலைதான் இல்லை. சில சமயம் மேஜைக்கு அடியில் தன் இடது கையைத் தன் வலது கையாலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருந்தவர்கள் குளிர்கிறதாக்கும் என்று நினைத்தார்கள்.

பஸ் ஓட்டும் அம்மாள் தன் முறைக்கு வந்தாள். படியேறும்போதே கையைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க, ஒண்ணுகூடத் தூக்கலை!" பத்தும் அப்படியே இருந்தன, அடியில் வளர்ந்த வெள்ளையோடு. அக்கா எழுந்தேவிட்டாள். பிறகுதான் விஷயத்தைச் சொல்லி, பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அனுப்பிவைத்தாள். நகம் தேய்க்கும் மெஷினைக் கையிலிருந்து கீழே வைக்காத பெண் அவள், மெஷின்காரி என்று பெயர். கெட்டிக்காரிதான். சதா அவசரம், அவ்வளவுதான்.

அக்கா போனை எடுத்தபடியே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடியது. பஸ் ஓட்டும் அம்மாள் கண்ணை மூடிப் பார்த்தாள், திறந்தாள், திரும்ப மூடினாள். கடைசியில் டிவியைப் பார்த்துக்கொண்டு நேராக உட்கார்ந்துவிட்டாள். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

முன் மேஜைக்கு வந்து பணத்தைத் தட்டில் வைத்தவள் போகவில்லை. இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"நீங்க ஒரு தடவை பாத்துடுங்கக்கா. அப்பதான் எனக்கு நிம்மதி."

இறுகின ஜெல் ஒன்றும் செய்யாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். அக்கா அந்தக் கையை எடுத்துக்கொண்டாள். அதே சூடு, அதே காய்ப்பு. கட்டைவிரலை ஒவ்வொரு நகத்தின் ஓரமாக ஓட்டினாள். அவசரமே படவில்லை. பத்து விரலுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவும் எடுத்துக்கொண்டாள். வலது மோதிர விரலில், நகத்தின் அடியில், மயிரிழை அளவு ஒரு வழிசல் தட்டுப்பட்டது. ஜெல் சதைமேல் வழிந்து அப்படியே இறுகிப்போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் தூக்கிவிடும்.

மெஷின்காரியைக் கூப்பிட்டால் இரண்டு நிமிட வேலை. உடனே எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடுவாள். பிறகு இந்தக் கை படியிறங்கிப் போய்விடும். மூன்று வாரம் கழித்துத்தான் வரும். தூக்கினால் அப்படியில்லை, நடுவிலேயே வந்தாக வேண்டும். வந்தால் திரும்ப இந்த மேஜைமேல் கையை விரித்து வைப்பாள், பாருங்க என்பாள்.

ஓரம் தூக்கும் என்று தெரிந்த ஒரு நகத்தை அக்கா தன் வாழ்நாளில் வாசலைத் தாண்ட விட்டதில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் அந்த அம்மாள்.

"நல்லா இருக்கு."

"நீங்க கை வச்சுப் பாத்துட்டீங்கல்ல, இனிமே தூக்காது."

"ஆமா." அக்காவுக்குக் காது சுட்டது. அந்த மோதிர விரலை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள். "ஒருவேளை தூக்குச்சுன்னா நீங்களா பிய்ச்சுடாதீங்க. நேரா என்கிட்ட வாங்க."

"வர்றேன்கா," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அடுத்த முறைக்கு மூன்று வாரம் தள்ளி நேரம் குறித்தபோது அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை என்பது சந்தோஷமாகவும் இருந்தது.